மறு: பிரஷ்லெஸ் மோட்டார் – தூரிகையிலாவா, கரியிலியா, உரசாவா?

அனைவருக்கும் வணக்கம்.

பிரஷ்லெஸ் மோட்டார் முதலான ரிமோட் வண்டிச் சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடிப் பட்டியல் போடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கோத்தகிரியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். பேசப்படும் பொருள் தினமும் என் மேசைக்கு வருவதால் நானும் எழுதுகிறேன்.

போன ஞாயிறு எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இரண்டு ரிமோட் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். இரண்டுமே பெரிய சக்கரம் வைத்த ராட்சத வண்டிகள், பத்தில் ஒரு பங்கு அளவு. பழையதில் சாதாரண மோட்டார், புதியதில் பிரஷ்லெஸ். பழையது நின்றுவிட்டது. மோட்டாரைக் கழற்றித் தட்டினால் மேசையில் கரித்தூள் மைபோலக் கொட்டியது. உள்ளே இரண்டு கார்பனில் (ஆங்கிலத்தில் பிரஷ் என்பது இதைத்தான்) ஒன்று நகக்கனத்துக்குத் தேய்ந்து, அதன் பின்னால் இருந்த ஸ்பிரிங் நேராகச் செம்பில் உரசி வளையம் முழுக்கக் கோடு போட்டிருந்தது. கவ்வாத்து எடுத்த தேயிலைத் தோட்டத்து ஓரம், ஒரு மழைக்காலம் முழுக்கச் செம்மண் சேற்றில் ஓட்டியிருக்கிறான்.

“கார்பன் போச்சு தம்பி” என்றேன்.

“அண்ணா, புதுசுல கார்பனே கிடையாதாம். அப்ப உள்ளே எதுவுமே உரசாதா?”

அவன் கேட்ட கேள்வியிலேயே நாம் தேடும் சொல் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ‘உரசா மோட்டார்.’ வாடா மலர், அணையா விளக்கு என்று சொல்கிறோமே, அந்த ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்தான். வல்லினம் வந்தால் செல்லாக்காசு மாதிரி ஒற்று மிகும், மகரத்துக்கு முன் அந்தத் தொல்லையும் இல்லை. சரி, இனி மற்றவர்கள் எழுதியவற்றுக்கு வருகிறேன்.

> பாடநூலில் ‘தூரிகை’ என்றே இருக்கிறது. எனவே ‘தூரிகையிலா மின்னோடி’ என்பதே முறை.

பாடநூலை நான் மதிக்கிறேன் அம்மா. தேர்வு எழுதும் பிள்ளை ‘தூரிகை’ என்று எழுதினால் மதிப்பெண் வர வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஆங்கிலத்துக்கே அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பாருங்கள். தொடக்கக் காலத்து மின்னாக்கிகளில் சுழலும் வளையத்தைத் தொடுவதற்குச் செம்புக் கம்பிகளைக் கத்தையாகக் கட்டி வைத்தார்கள். அது பார்க்கவும் பிரஷ் போலவே இருந்தது, பெயரும் பொருந்தியது. 1885-இல் ஜார்ஜ் ஃபோர்ப்ஸ் கரிக்கட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பின் கம்பிக் கத்தை போய்க் கரிக்கட்டை வந்தது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. உருவம் மறைந்த பிறகு மிஞ்சிய பெயரை நாம் எடுத்து, ஓவியர் கையில் இருக்கும் தூரிகையாக மாற்றியிருக்கிறோம். அந்தப் பழைய கம்பிக் கத்தைகூடத் தூரிகை அல்ல, துடைப்பம்.

எங்கள் பக்கம் இன்னொரு குழப்பமும் உண்டு. தோட்டத்தில் களை வெட்டும் மெஷினுக்கு எல்லோரும் சொல்வது பிரஷ் கட்டர். அங்கே பிரஷ் என்றால் புதர். இப்போது பேட்டரியில் ஓடுவது வந்துவிட்டது, அதற்குள் பிரஷ்லெஸ் மோட்டார். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘தூரிகையிலாத் தூரிகை வெட்டி’ என்றுதான் வரும். செய்கையைப் பார்த்துப் பெயர் வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

> கடைக்காரர்கள் ‘கார்பன்’ என்கிறார்கள். அப்படியானால் ‘கரியிலி’ என்று வைக்கலாமே?

இந்தச் சொல்லின் சுருக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மிக்ஸி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் ‘கார்பன் தேஞ்சுபோச்சு’ என்றால் புரியும் என்பதும் உண்மை. தடுப்பது ஒன்றுதான். பேச்சில் கரியும் கறியும் ஒன்றாகவே கேட்கும். கடையில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், இருவருமே என்ன கறி என்று திருப்பிக் கேட்டார்கள். எழுத்தில் நிற்கும், வாயில் நிற்காது.

> ‘மின்னணுத் திசைமாற்று மோட்டார்’ என்பதே துல்லியம்.

இதைச் சொன்னவர்மீது எனக்கு நல்ல மரியாதை உண்டு, ஏனென்றால் விஷயத்தின் மையத்தைத் தொட்டவர் அவர்தான். பழைய மோட்டாரில் காயில் சுற்றும், காந்தம் நிற்கும். சுற்றும் காயிலுக்குள் மின்சாரத்தைச் செலுத்தவும், அரைச்சுற்றுக்கு ஒருமுறை திசையை மாற்றவும் கார்பனும் செம்பு வளையமும் வேண்டும். புதியதில் காந்தம் சுற்றும், காயில் நிற்கும். நிற்கிற காயிலுக்கு வயரை நேராகவே பற்றவைத்துவிடலாம். திசை மாற்றும் வேலை மறைந்துவிடவில்லை, வண்டிக்குள் இருக்கும் ஈஎஸ்சி (மின்னணு வேகக்கட்டுப்பாடு) என்ற சின்னப் பெட்டிக்குப் போய்விட்டது. 1962-இல் வில்சனும் டிரிக்கியும் இந்த வகை மோட்டாரைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் பிரஷ் என்ற சொல் வரவில்லை. திண்மநிலைத் (சாலிட் ஸ்டேட்) திசைமாற்றம் கொண்ட நேர்மின் (டிசி) எந்திரம் என்ற பொருளில்தான் பெயரிட்டார்கள்.

ஆகவே அந்தச் சொல்லை மோட்டாருக்கு வைக்காமல் பெட்டிக்கு வைக்கலாம் என்பது என் கருத்து. இந்த வகை ஈஎஸ்சிக்குத் ‘திசைமாற்றுப் பெட்டி’. வேகக்கட்டுப்பாடு என்ற வெறும் பெயர்ப்பைவிட அது செய்யும் வேலையை இது கூடுதலாகச் சொல்கிறது. பையனின் புதிய வண்டியில் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே மூன்று வயர். அதில் இரண்டை மட்டும் மாற்றிச் செருகி, ‘இப்ப ஓட்டு’ என்றேன். முன்னால் தள்ளிய வண்டி பின்னால் ஓடியது. பேக்டரியில் தேயிலை ரோலரைச் சுழற்றும் த்ரீ ஃபேஸ் மோட்டாரிலும் இரண்டு ஃபேஸை மாற்றினால் இதேதான் நடக்கும்.

இந்த ஒற்றுமையால் ஒரு கேள்வி வருகிறது. இதுவரை யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுவிடுகிறேன். ரோலரில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரிலும் கார்பன் கிடையாது. அதையும் உரசா மோட்டார் என்று சொல்ல வேண்டிவருமே? ஆம், பொருள்படி அதுவும் உரசாததுதான். ஆங்கிலத்திலும் இதே நிலைதான், ஆனாலும் பிரஷ்லெஸ் என்றால் வழக்கில் அந்த நேர்மின் வகையைத்தான் நினைக்கிறார்கள். பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் ‘உரசா நேர்மின் மோட்டார்’ என்று முழுதாக எழுதலாம், மற்ற இடங்களில் உரசா மோட்டார் போதும்.

> பேரிங் உரசுகிறதே? உரசாத மோட்டார் உலகத்தில் உண்டா?

பேரிங்கில் குண்டுகள் உருளுகின்றன. கொஞ்சம் உராய்வு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மோட்டாரைப் பற்றிப் பேசும்போது உரசல் என்று நாங்கள் சொல்வது மின்சாரம் கடத்த உரசுவதை. பொறி பறப்பதும் அங்கேதான், தூள் கொட்டுவதும் அங்கேதான். இதே காரணத்தால்தான் இன்னொருவர் சொன்ன ‘தேயா மோட்டார்’ எனக்குச் சரிப்படவில்லை. பேரிங் தேயும். தேயாது என்று பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வருடம் பேரிங் மாற்றக் காசு கேட்க முடியாது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய சக்கர வண்டிக்கு ‘பூத வண்டி’, ‘ராட்சத வண்டி’ இரண்டும் வந்தன. எங்கள் பையன்கள் முன்பே ராட்சத வண்டி என்கிறார்கள், அதையே வைத்துக்கொள்ளலாம்.

கேவி என்பதை மாற்றியே ஆக வேண்டும். மின்வாரியப் பலகையில் 11 கேவி என்று பார்த்துப் பழகியவர்கள், பொம்மை வண்டி மோட்டாரில் 3300 கேவி என்று பார்த்ததும் தொடவே பயப்படுகிறார்கள். இது கிலோவோல்ட் அல்ல. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3,300 சுற்று என்று அர்த்தம். இரண்டு செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 7.4 வோல்ட் என்றால் 24,420 சுற்று. ‘வோல்ட்சுற்று’ என்று வைத்தால் கணக்கும் பெயரிலேயே இருக்கும்.

கடைசியாக, யாரும் உருவாக்காமலே கிடைத்திருக்கும் சொல் ஒன்று. சென்சார் இல்லாத உரசா மோட்டாரில், காந்தம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அது சுற்றும்போது காயிலில் எழும் எதிர் மின்னழுத்தத்தை வைத்துத்தான் பெட்டி கண்டுபிடிக்கிறது. நிற்கும்போது அந்த மின்னழுத்தம் கிடையாது. அதனால் மேட்டில் மெதுவாகக் கிளப்பினால் வண்டி டக் டக்கென்று உதறி, அப்புறம்தான் எடுக்கும். இங்கே மேடில்லாத இடம் ஏது? பையன்கள் இதை ‘திக்குது’ என்கிறார்கள். ‘திக்கல்’ என்றே பட்டியலில் சேர்க்க வேண்டுகிறேன். பாறைமேல் ஏறும் ரிமோட் வண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், இந்தத் திக்கலுக்காகவே கார்பன் மோட்டாரை விட மாட்டேன் என்கிறார். அவர் வண்டி பாறைமேல் அங்குலம் அங்குலமாக ஏறுவதைப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம் என்றே தோன்றும்.

நைட்ரோ எரிபொருளில் ஓடும் எஞ்சின் வண்டிக்காரர்கள் வேறு மாதிரி பேசுகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் கார்புரேட்டர் ஊசி திருகிச் சரிசெய்த எஞ்சின், மேலே வந்ததும் புகைந்து திணறும். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு போல் குறைந்துவிடுகிறது, கலவையில் எரிபொருள் மிகுந்துவிடும். மின் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதே மெல்லிய காற்றுதான் மோட்டாரையும் பெட்டியையும் ஆற்ற வேண்டும், அதனால் ஓட்டி நிறுத்தியதும் தொட்டுப் பாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறேன். மார்கழிப் பனியில் லைபோ சீக்கிரமே சோர்ந்துவிடுவதும் உண்டு. கிளம்பும்வரை சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளச் சொல்வேன்.

அந்தப் பழைய வண்டிக்குப் புதுக் கார்பன் போட்டுக் கொடுத்துவிட்டேன். சீட்டில் புதிய வண்டியின் பெயரையும் எழுதச் சொன்னான், ‘உரசா மோட்டார்’ என்று எழுதினேன். படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பையில் வைத்துக்கொண்டான்.

மதுரை, சிவகாசி, யாழ்ப்பாணம் பக்கம் இருப்பவர்கள் அருகில் காயில் கட்டும் கடைக்குப் போய், கார்பனை அங்கே வேறு பெயரில் சொல்கிறார்களா என்று கேட்டு எழுதுங்கள். பட்டியலை முடிப்பதற்குள் அது தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து