பொருள்: ‘முதல் முடிவு’ வேண்டாம், ‘முதல்முறை’ போதும்

குழுவினருக்கு வணக்கம்.

மேற்கத்திய இசைக்குறியீட்டுக்கு நாம் தொகுக்கும் தமிழ்ச்சொல் பட்டியலில், ஒரு பகுதியைத் திருப்பி வாசிக்கும்போது முதல் தடவைக்கும் அடுத்த தடவைக்கும் வேறுவேறாக வரும் கடைசித் துண்டுகளான ஃபர்ஸ்ட் எண்டிங், செகண்ட் எண்டிங் இரண்டுக்கும் ‘முதல் முடிவு, இரண்டாம் முடிவு’ என்று போட்டிருக்கிறது. மற்றது எப்படியானாலும் இதை மாற்றியே ஆக வேண்டும்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன். ஐந்து கோடுகளுக்கு மேலே ஒரு மடக்குக் கோடு, அதன் ஓரத்தில் ‘1.’ என்ற எண். கடைசியில் இரண்டு புள்ளி, ஒரு ஒல்லிக்கோடு, ஒரு தடிக்கோடு. இந்த இடத்துக்கு ‘முடிவு’ என்று பெயர் சொன்னால் பிள்ளை கையை எடுத்துவிடுகிறது. செய்ய வேண்டியதோ நேர்மாறு. தாளம் விடாமல் பின்னால் போய் மறுபடி எடுக்க வேண்டும். அடுத்த தடவை ‘1.’ பகுதியைத் தொடாமல் நேரே ‘2.’க்குப் போக வேண்டும். கீபோர்டு படிக்கிற பிள்ளைகள் ஆசைப்பட்டு வாசிக்கும் பீத்தோவனின் ஃபர் எலிஸில் முதல் பகுதியிலேயே இது வந்துவிடும்.

இத்தாலியர் இதை ‘பிரிமா வோல்ட்டா, செகோண்டா வோல்ட்டா’ என்கிறார்கள். வோல்ட்டா என்றால் தடவை. முடிவு என்ற எண்ணமே அதில் இல்லை, அது ஆங்கிலத்தில் வந்து சேர்ந்தது. நாம் ஏன் ஆங்கிலத்தின் வழியாகப் போக வேண்டும்? ‘முதல்முறை, மறுமுறை’ என்று வைப்போம். மூன்றாவதும் இருந்தால் ‘இரண்டாம்முறை, மூன்றாம்முறை’ என்று எண்ணிக்கொண்டு போகலாம்.

அப்புறம், டா காப்போ அல் ஃபீனே. இதற்கு ‘தொடக்கத்திற்குத் திரும்பி இறுதிவரை இசைக்க’ என்று ஒரு முழு வாக்கியம் வந்திருக்கிறது. கோட்டுக்கு மேலே அதை எழுத இடம் ஏது? காப்போ என்றால் தலை. நம்மிடம் ‘முதல்… வரை’ தயாராக இருக்கிறது: தலைமுதல் முற்றுவரை. டால் செக்னோ (‘குறியிலிருந்து’) வந்தால் குறிமுதல் முற்றுவரை. ஃபீனே (முடிவு) என்று எழுதும் இடத்தில் ‘முற்று’ போதும். அது பெரும்பாலும் பக்கத்தின் நடுவில்தான் நிற்கும், முதல் தடவை அதைக் கடந்து போவோம். ஆனால் கடைசியில் உண்மையாகவே அங்கேதான் நிறுத்துகிறோம், அதனால் அந்தப் பெயர் தகும்.

கோடாவுக்கு, அதாவது கடைசியில் தனியாக வரும் முடிப்புப் பகுதிக்கு, ‘கலாசம்’ என்று பாலக்காட்டு நண்பர் சொன்னது ஆசையாகத்தான் இருக்கிறது. செண்டை மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லே சிலிர்ப்பு. ஆனால் செண்டை மேள வகையான பஞ்சாரியில் தாளச் சுற்று 96 அட்சரத்தில் (தாள எண்ணிக்கையில்) தொடங்கி 48, 24, 12, 6 என்று ஐந்து காலம், அதாவது ஐந்து கட்டம், போகும். ஒவ்வொரு காலமும் கலாசம் என்ற முடிப்புக் கொட்டோடுதான் முடியும், மேளம் மேலே போய்க்கொண்டே இருக்கும். கோடா அப்படி இல்லை, ஒரே தடவை, கடைசியில். ‘முத்தாய்ப்பு’க்கும் இதே தடை உண்டு. வர்ணம் என்ற கர்நாடக உருப்படியில் முத்தாய்ப்பான முக்தாயி ஸ்வரம் பாடியபின் பல்லவிக்குத் திரும்புகிறோமே, கர்நாடக சங்கீதம் படிக்கும் பிள்ளை குழம்பிப்போகும்.

என் விருப்பம் ‘ஈற்றடி’. வெண்பாவில் மற்ற அடிகளெல்லாம் நாற்சீராக வர, ஈற்றடி மட்டும் முச்சீராகி நாள், மலர், காசு, பிறப்பு என்று தனி வாய்பாட்டில் முடிகிறது. கோடாவும் மற்றப் பகுதிகளிலிருந்து வேறுபட்டுத் தனியாக நிற்பதுதான். யாப்பு படித்தவர்கள், இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் இடைஞ்சலா என்று சொல்லுங்கள். இடைஞ்சல் என்றால் ‘ஈற்றுப்பகுதி’ என்று வைத்துக்கொள்ளலாம்.

ரிப்பீட் குறிக்கு ‘மீள்குறி’ சரியாக இருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம்.