ஜனநாயக மையம் உண்டு, மாணவர் தேர்தல் இல்லை: இது போதுமா?

வைகைக்கரை:
எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் (பெயர் வேண்டாம்) மூன்று ஆண்டுகளாக ஜனநாயகக் கல்விக்கென்று ஒரு மையம் நடந்து வருகிறது. ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாளன்று உறுதிமொழி எடுக்கிறார்கள். தேர்தல் எழுத்தறிவு மன்றத்தின் பெயரில் மாதிரி வாக்குப்பதிவு நடத்துகிறார்கள். பொதுமக்களும் வரலாம் என்று அச்சிட்டு மாதந்தோறும் ஒரு சொற்பொழிவுக்கும் ஏற்பாடு செய்கிறார்கள். இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கல்லூரியில் வகுப்புப் பிரதிநிதியைத் துறைத் தலைவர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து நியமிக்கிறார். மாணவர் பேரவைக்குத் தேர்தலே கிடையாது. சென்ற வாரச் சொற்பொழிவில் கேள்விகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். சீட்டுகளை வாங்கிய ஆசிரியர் ஒருவர் படிக்கட்டருகே நின்று ஒவ்வொன்றாகப் படித்து, நான்கை மட்டும் மேடைக்கு அனுப்பிவிட்டு, மீதியை மடித்துத் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் சீட்டும் அதில் போயிற்று. தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கற்பிப்பதற்கென்றே ஒரு மையத்தை வைத்துக்கொண்டு, அந்த உரிமையை மாணவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது சரிதானா?

சாக்பீஸ்:
நான் வேறொரு கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்திய அனுபவத்தில் சொல்கிறேன். முந்நூறு பேர் அமர்ந்திருக்கும் அரங்கில் ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தால், கேள்வி கேட்க எழுந்தவர் இருபது நிமிடம் தாமே சொற்பொழிவாற்றுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். துண்டுச்சீட்டு அதற்காக வந்தது. மையத்தின் பயனை மேடையை மட்டும் வைத்து எடை போடாதீர்கள். முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருந்தால்தான் அந்த ஆண்டு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முடியும். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகள் நான்கும் தகுதி நாள்களாயின, 17 வயது முடிந்தவர்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கவும் வழி பிறந்தது. இதை அறியாத மாணவர்கள் ஏராளம். விடுதியில் தங்கிப் படிப்பவர் சொந்த ஊரில் பெயர் சேர்ப்பதா, விடுதி முகவரியில் சேர்ப்பதா என்று கேட்டு வராத ஆண்டே இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம், விடுதி முகவரி என்றால் கல்லூரியின் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லி, படிவம் 6ஐ உடனிருந்து நிரப்பிக் கொடுப்பது சிறிய வேலையன்று. மாணவர் தேர்தலைப் பொறுத்தவரை, சூழல் சரியில்லாத இடங்களில் நியமன முறையைப் பின்பற்றலாம் என்று, மாணவர் தேர்தல்களை ஆராய அமைக்கப்பட்ட லிங்டோ குழுவே சொல்லியிருக்கிறது.

வைகைக்கரை:
ஐயா, லிங்டோ குழுவைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நியமன முறையை அக்குழு இடைக்கால ஏற்பாடாகத்தான் அனுமதித்தது. அதன் முதல் பரிந்துரையே நாடெங்கும் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என்பதுதான். பணமும் கட்சியும் புகுந்துவிடும் என்ற அச்சத்துக்கும் அதிலேயே விடை உண்டு: வேட்பாளரின் செலவுக்கு 5,000 ரூபாய் வரம்பு, 75 விழுக்காடு வருகைப்பதிவு, அச்சிட்ட சுவரொட்டிகளுக்குத் தடை. உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் இவற்றை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அன்று பிறந்த குழந்தை இன்று வாக்காளராகிவிட்டது. இடைக்காலம் மட்டும் முடியவில்லை.

இன்னொன்று. இத்தகைய மேடைகளில் ஏறுகிறவர் எவராயினும் உத்திரமேரூர்க் குடவோலையில்தான் தொடங்குகிறார். முதலாம் பராந்தகன் காலத்து அக்கல்வெட்டின்படி, போட்டியிடுபவருக்கு வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேத அறிவும் வேண்டும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் சேர்த்து விலக்கி வைத்த விதி அதே கல்வெட்டில் இருக்கிறது; எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி அதுதான், அதையும் சொல்வதில்லை. பானையை மட்டும் காட்டிக் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள்.

மூன்றாமாண்டு:
நான் அந்த மையத்தின் நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் மாணவன். வைகைக்கரை அண்ணன் மாணவர் தேர்தலை மிக எளிதாக எடுத்துக்கொள்கிறார் என்று தோன்றுகிறது. எங்கள் வகுப்பில் கலைவிழாக் குழுவுக்கு ஒரு முறை கைதூக்கித் தேர்ந்தெடுத்தபோது, எந்தத் தெருப் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்குதான் முதலில் நடந்தது. அதனால் தேர்தலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, ஆனால் அந்தக் கணக்கைப் பற்றிப் பேசாமல் தேர்தலைப் பற்றிப் பேச முடியாது.

மையத்தால் எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான பாடம் அரங்கத்தில் கிடைக்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு எங்களில் பன்னிரண்டு பேரை அழைத்துச் சென்றார்கள். அந்த ஊர் வாக்காளர்கள் அல்லர் என்பதால் ஓரமாக அமர்ந்து பார்க்க மட்டுமே அனுமதி. ஊராட்சிச் செயலர் வரவு செலவை வேகவேகமாக வாசித்துக்கொண்டு போனபோது ஒரு பாட்டி எழுந்து, "தெருவிளக்குப் பராமரிப்பு என்று வாசித்தீர்களே, எங்கள் தெருவில் எந்தக் கம்பத்தில் விளக்கு மாட்டினீர்கள்?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய முந்தானையைப் பிடித்து உட்காரச் சொன்னார். அடுத்த வாரம் மாட்டிவிடுவதாகப் பதில் வந்த பிறகும் அவர் உட்காரவில்லை; அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்தான் அமர்ந்தார்.

சாக்பீஸ்:
தம்பி சொன்னதைப் படித்தபின் துண்டுச்சீட்டு விஷயத்தில் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். நேரம் போதாது என்பது மேடைக்குத்தான் பொருந்தும். மிஞ்சிய சீட்டுகளை மறுநாள் அறிவிப்புப் பலகையில் ஒட்ட என்ன தடை? பேரவைத் தேர்தலில் மட்டும் நான் மாறவில்லை. ஒரு தேர்தல் கைகலப்பில் முடிந்து, இரண்டு மாணவர்களின் படிப்பு பாதியில் நின்றுபோனதைக் கண்ணால் கண்டவன் நான். அது போகட்டும், அந்தச் சீட்டில் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள்?

வைகைக்கரை:
பேரவையைப் பற்றியே எழுதவில்லை, ஐயா. மையத்தின் மாணவர் குழுவில் உள்ள ஒன்பது பேரையாவது மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கக் கூடாதா என்று ஒரே வரி எழுதியிருந்தேன்.

மூன்றாமாண்டு:
அந்த ஒன்பது பேரில் நானும் ஒருவன்; என்னையும் நியமித்துத்தான் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை குழுக்கூட்டம் இருக்கிறது. அண்ணன் எழுதிய வரியை அப்படியே வாசித்து, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லப் போகிறேன். ஏற்றினார்களா இல்லையா என்பதைச் சனிக்கிழமை இங்கே எழுதுகிறேன்.