லூதர் குலிக்: அந்த ஏழு பணிகளைத் தாண்டி என்ன இருக்கிறது?

தக்கலை மாணவி:
வணக்கம். குடிமைப் பணித் தேர்வுக்குப் பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்து வீட்டிலிருந்தே படிக்கிறேன். அமெரிக்க நிர்வாக அறிஞர் குலிக் என்றாலே எல்லாக் குறிப்புகளிலும், தலைமை நிர்வாகியின் ஏழு பணிகளின் ஆங்கில முன்னெழுத்துகளால் ஆன ‘போஸ்ட்கார்ப்’ என்ற சுருக்கம்தான் வருகிறது: திட்டமிடல், அமைத்தல், பணியமர்த்தல், வழிநடத்தல், ஒருங்கிணைத்தல், அறிக்கையிடல், வரவுசெலவு. பிரெஞ்சு நிர்வாகச் சிந்தனையாளர் ஃபயோல் 1916-இலேயே ஏறத்தாழ இதைச் சொல்லிவிட்டார். 1946-இல் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் இத்தகைய கோட்பாடுகளை ஒன்றையொன்று மறுக்கும் பழமொழிகள் என்று ஒதுக்கியும் விட்டார். பிறகு எதற்காக இவரைப் படிக்க வேண்டும்?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற அலுவலர்:
ஃபயோலுக்குத் தாம் பட்ட கடனைக் குலிக் மறைக்கவில்லை, அம்மா. ஆனால் ஃபயோல் சுரங்க நிறுவனம் நடத்தியவர். குலிக்கின் கண்முன் இருந்ததோ அமெரிக்க அதிபரின் மேசை. ரூஸ்வெல்ட் 1936-இல் அமைத்த பிரவுன்லோ குழுவின் மூன்று உறுப்பினர்களில் இவரும் ஒருவர். அதிபருக்கு உதவியாளர்கள் தேவை என்று அக்குழு 1937-இல் அறிக்கை அளித்ததன் தொடர்ச்சியாகவே, 1939-இல் அதிபருக்கென்று தனிச் செயலகம் அமைந்ததும், அதுவரை கருவூலத் துறையில் இருந்த வரவுசெலவுப் பணியகம் அதற்குள் கொண்டுவரப்பட்டதும் நிகழ்ந்தன. ஏழாவது பணி ஏன் தலைமையின் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

தோவாளை வாசகர்:
என்னைக் கேட்டால், போஸ்ட்கார்பைவிட அவருடைய துறைப் பிரிப்புக் கொள்கையே கனமானது. நோக்கம், செயல்முறை, பயனாளிகள், இடம் ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றை வைத்தே துறைகளைப் பிரிக்க முடியும் என்றார். எங்கள் ஊர்க் குளத்தின் கரையும் மடையும் ஓர் அலுவலகத்துக்கும், நிலப் பதிவேடு இன்னொன்றுக்கும், மீன் குத்தகை மூன்றாவதற்கும் உரியவை. ஐப்பசி மழையில் மடைப் பலகை பெயர்ந்தபோது ஒரே மனுவை மூன்று படிகள் எடுத்துக்கொண்டு மூன்று இடங்களுக்கும் அலைந்தோம். கடைசியில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் முன்னால்தான் மூவரும் ஒன்றாக நின்றார்கள். நோக்கத்தின்படி பிரித்ததை இடத்தின்படி ஒட்டவைக்கும் வேலை அது. எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒரே சிறந்த பிரிப்பு முறை இல்லை என்பதைக் குலிக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். குறிப்பேடுகள் இதை விட்டுவிடுகின்றன.

தக்கலை மாணவி:
நன்றி, ஐயா. அப்படியானால் சைமனின் கேள்வி இன்னும் நிற்கிறதே? நான்கும் மோதும்போது எதை முன்னே வைப்பது?

நாகர்கோவில், ஓய்வுபெற்ற அலுவலர்:
நிற்கத்தான் செய்கிறது. அதை அளந்து சொல்லும் முறையைக் குலிக் தரவில்லை. விடைத்தாளில் அதையும் எழுதுங்கள், குளத்தையும் சேர்த்து.