எரிக் லிடல் நினைவுநாள் பேச்சு: பாரீஸுக்குப் பிந்தைய வாழ்க்கையை எப்படிச் சொல்வது?

மைதானவாசி (கேள்வி):
பிப்ரவரி 21 அன்று பள்ளி அசெம்பிளியில் ஸ்காட்லாந்து ஓட்ட வீரர் எரிக் லிடலைப் பற்றி 10 நிமிடம் பேச வேண்டும். கேட்பவர்கள் 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள். பாதிப் பேர் ஹாக்கி, ஓட்டம் என்று மைதானத்திலேயே கிடப்பவர்கள். 1924 பாரீஸ் ஒலிம்பிக்கில் "ஞாயிற்றுக்கிழமை ஓட மாட்டேன் என்றார், தங்கம் வாங்கினார்" என்ற கதை அவர்களுக்கே தெரியும். எனக்கு வேண்டியது, வாத்தியாராகவும் கோச்சாகவும் அவர் அன்றாடம் என்ன செய்தார் என்பது. இந்த மாதிரிப் பேச்சுகளில் வழக்கமாக வரும் பிழைகளையும் சொல்லுங்கள்.

பழைய ஏடு:
பாரீஸுக்கு 2 நிமிடம் போதும் சார். அதற்குமேல் கொடுத்தால் சீனா காணாமல் போய்விடும்.

முதல் பிழை அவரைப் பற்றிய "சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்" திரைப்படத்திலிருந்து வருவது. கப்பலில் ஏறும்போதுதான் ஞாயிறு ஓட்டம் பற்றித் தெரிந்தது என்று அதில் காட்டுவார்கள். உண்மையில் அட்டவணை பல மாதங்களுக்கு முன்பே தெரியும். 100 மீட்டர் வேண்டாம் என்று அப்போதே முடிவெடுத்து, 400க்குப் பயிற்சி செய்தார். எடின்பரோவில் டாம் மெக்கெர்ச்சர்தான் அவருடைய பயிற்சியாளர். விட்டது 100 மட்டுமல்ல, ஞாயிறு காரணமாக இரண்டு ரிலேக்களையும் விட்டார்.

இரண்டாவது, 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் சமயத்தில் சீனத் தரப்பிலிருந்து வந்த செய்தி. ஜப்பானிய முகாமில் அடைபட்டிருந்தபோது, கைதிகள் பரிமாற்றத்தில் தனக்குக் கிடைத்த இடத்தை ஒரு கர்ப்பிணிக்குக் கொடுத்தார் என்பார்கள். அவர் குடும்பத்துக்கே அது புதுச் செய்தி. மேடையில் சொல்லாதீர்கள். அது இல்லாமலே அவர் வாழ்க்கை கனமானதுதான்.

வரிசை இப்படி: 1902இல் சீனாவின் தியன்ஜினில் மிஷனரி பெற்றோருக்குப் பிறப்பு. 1924இல் தங்கம். 1925இல், புகழ் உச்சியில் இருக்கும்போதே, தியன்ஜின் ஆங்கிலோ-சீனக் கல்லூரிக்கு அறிவியல் ஆசிரியராகப் போகிறார், விளையாட்டும் அவர் பொறுப்பு. 1932இல் குருப்பட்டம். 1937 முதல் வட சீனாவின் சியாவ்சாங்கில் கிராமப்புற ஊழியம், சுற்றிலும் சீன-ஜப்பான் போர். 1941இல் கர்ப்பிணி மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பினார். மூன்றாவது மகளை அவர் பார்க்கவே இல்லை. 1943இல், வெளிநாட்டவரை ஜப்பானியர் அடைத்துவைத்த வெய்சியன் முகாம்.

நான்காவது லேன்:
ஓடுகிற பிள்ளைகள் என்பதால் நேரக்கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 400 இறுதியில் அவருக்கு வெளி லேன், மற்றவர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள். முதல் 200ஐ 22.2 விநாடியில் முடித்தார். இரண்டு நாள் முன்பு 200 மீட்டரில் வெண்கலம் வாங்கியபோது அவர் நேரம் 21.9. அதாவது 200ஐ முழு வேகத்தில் ஓடிய நேரத்தைவிட 0.3 விநாடிதான் அதிகம்! மொத்தம் 47.6, உலக சாதனை. பின்பாதி 25.4. இரண்டாவது வந்த அமெரிக்கர் ஃபிட்ச் 48.4.

ஆனால் "நீங்களும் இப்படி ஓடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். 200ஐ 30 விநாடியில் ஓடும் பையன் முதல் பாதியை 30.5இல் போனால், 300 தாண்டியதும் தொடை கல்லாகிவிடும், கை ஆட்டம் போய் உடம்பு நிமிர்ந்துவிடும். முதல் 200ஐ 32 வாக்கில் வைத்தால்தான் கடைசி நேர்கோட்டில் கால் இருக்கும். லிடலுக்குப் பின்பாதியைத் தாங்கும் பலம் ஏற்கெனவே இருந்தது. 1923இல் ஸ்டோக்கில் 440 கஜ ஓட்டத்தில் தள்ளப்பட்டு விழுந்து, சுமார் 20 கஜம் பின்தங்கி, எழுந்து ஓடி ஜெயித்தவர்.

வெய்சியன் வாசகர்:
6 நிமிடம் முகாமுக்குக் கொடுங்கள். நீளம் ஏறத்தாழ 200 கஜம், அகலம் 150 கஜம், அதற்குள் 1,500 பேர் வரை அடைபட்டிருந்தார்கள். சீனாவிலிருந்த மிஷனரிகளின் பிள்ளைகள் படித்த சீஃபூ பள்ளியின் பிள்ளைகள் 1943 செப்டம்பரில் வந்து சேர்ந்தார்கள், பலருக்குப் பெற்றோர் கூட இல்லை. "எரிக் மாமா" என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவர் கணக்கும் அறிவியலும் எடுத்தார். ஆய்வுக்கூடம் கிடையாது, கருவிகளைக் கையால் வரைந்து காட்டித்தான் வேதியியல் பாடம். அந்தப் பிள்ளைகள் முகாமுக்குள்ளேயே ஆக்ஸ்ஃபோர்டு தேர்வு எழுதினார்கள். விடியுமுன் எழுந்து கடலையெண்ணெய் விளக்கில் ஜெபமும் வேதவாசிப்பும். பிறகு வகுப்பு, முகாம் வேலை, மாலையில் விளையாட்டு. உடைந்த ஹாக்கி மட்டைகளைப் படுக்கை விரிப்பைக் கிழித்துச் சுற்றி அவரே ஒட்டிக் கொடுப்பார்.

ஸ்டீபன் மெட்காஃப் என்ற மாணவருக்கு, இறப்பதற்குச் சில வாரங்கள் முன்பு, நூலால் தைத்து ஒட்டுப்போட்ட தன் ஓட்டக் காலணியைக் கொடுத்தார். குளிர்காலம், பையனிடம் சரியான செருப்பில்லை. சத்துருக்களுக்காக ஜெபியுங்கள் என்று அவர் வகுப்பில் சொன்னதைக் கேட்டு வளர்ந்த அந்தப் பையன், போருக்குப் பின் ஜப்பானுக்கே மிஷனரியாகப் போனார்.

மூளைக்கட்டியால் 21.2.1945 அன்று மறைவு, வயது 43. வேலைச்சுமையால் வந்த நரம்புத் தளர்ச்சி என்றே கடைசிவரை நினைத்திருந்தார்கள். ஆகஸ்ட் 17இல் முகாம் விடுதலை.

மைதானவாசி:
நன்றி. ஒரு சிக்கல். முகாமில் ஞாயிறு அன்று ரெஃப்ரீயாக நின்றார் என்கிறார்களே? பாரீஸில் மாட்டேன் என்றவர் இங்கே ஏன் என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால்?

பழைய ஏடு:
கேட்க வேண்டும், ஒளிக்காதீர்கள். ஞாயிறு விளையாட்டு வேண்டாம் என்பதுதான் முதலில் அவர் நிலை. பிள்ளைகள் தாங்களாகவே ஹாக்கி ஆடினார்கள், நடுவர் இல்லாததால் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு விசிலோடு போய் நின்றார். தனக்குப் பதக்கம் என்றால் ஓய்வுநாளை மீறமாட்டார், பெற்றோர் இல்லாத பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்க என்றால் போவார். என் பார்வையில் பாரீஸைவிட இதுவே பெரிய முடிவு. கேள்வி வந்தால் இரண்டு நிமிடம் கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை.

போர்டில் எழுத வசனம் வேண்டுமானால் ஏசாயா 40:31. எடின்பரோ பல்கலைக்கழகம் 1991இல் வெய்ஃபாங்கில் (வெய்சியனின் இன்றைய பெயர்) நிறுத்திய நினைவுக் கல்லில் இருப்பது அதுதான்: "கழுகுகளைப்போலச் செட்டைகளை அடித்து எழும்புவார்கள், அவர்கள் ஓடினாலும் இளைப்படையார்கள்."

மட்டைக்காரன்:
ஹாக்கிப் பிள்ளைகள் என்றால் மட்டை ஒட்டுவதைச் செய்தே காட்டலாம். மர மட்டையாக இருக்கவேண்டும், விரிசல் மரத்தின் இழையோடு நீளவாக்கில் ஓடியிருக்கவேண்டும். குறுக்கே முறிந்தது ஒட்டாது, ஃபைபர் மட்டைக்கும் இது ஆகாது.

விரிசலை லேசாக விரித்துத் தூசியை ஊதிவிட்டு, ஃபெவிகாலை மெல்லிய அட்டையால் உள்ளே தள்ளுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிதுங்கியதைத் துடைத்து 24 மணி நேரம் விடவேண்டும். இதை முந்தின நாளே முடித்துவிட்டு, மேடையில் துணி சுற்றுவதை மட்டும் காட்டுங்கள். பழைய பருத்தி விரிப்பை ஓர் அங்குல நாடாவாகக் கிழித்து, பசையில் நனைத்து, விரிசலுக்கு இரண்டு அங்குலம் கீழே தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதில் பாதியை மூடும்படி இரண்டு அங்குலம் மேலே வரை இழுத்துச் சுற்றுங்கள். ஈரம் காயுமுன் ஆடினால் முதல் அடியிலேயே சுற்று நழுவும். துணியைத் தடிமனாக ஏற்றிவிடவும் கூடாது, சுற்றோடு சேர்த்து மட்டை 51 மில்லிமீட்டர் வளையத்துக்குள் நுழையாவிட்டால் மேட்சில் நடுவர் வெளியே வைத்துவிடுவார்.