கலைச்சொல்: கலைஞரின் 'எக்ஸிபிஷன் ஹிஸ்டரி' – காட்சித்தடம்?

அனைவருக்கும் வணக்கம்.

சமகாலக் கலைஞர்கள் எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த அரங்கில் படைப்புகளை வைத்தார்கள் என்று திரட்டி, அவர்களின் பன்னாட்டுப் போக்கைக் காட்டும் ஆய்வுத்தளங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது ஒரு சொல் இடறுகிறது: எக்ஸிபிஷன் ஹிஸ்டரி. 'கண்காட்சி வரலாறு' என்றால், வெனிஸ் பியன்னாலே 1895-இல் தொடங்கியது, காசல் நகரின் டாக்குமென்டா 1955-இல் தொடங்கியது என்று கண்காட்சியின் கதையாகிவிடுகிறது. கலைஞர் பக்கமிருந்து பார்க்கும் சொல் வேண்டும். 'காட்சித்தடம்' என முன்வைக்கிறேன்.

———

ஐயா, காட்சி என்றதும் பலருக்குத் தோன்றுவது பகல் காட்சி, இரண்டாம் காட்சிதான். 'கலைவாழ்க்கைப் பாதை' இன்னும் எளிதாகப் புரியும். 'கெரியர்' என்பதற்கும் அதையே வைத்துக்கொள்ளலாமே?

———

> கலைவாழ்க்கைப் பாதை

'வாழ்க்கை' இங்கே பொருந்தாது அம்மா. இந்திய ஓவியர் நஸ்ரீன் மொகமதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மறைந்தது 1990-இல். டாக்குமென்டா 12-இல் அவர் படைப்புகள் இடம்பெற்றது 2007-இல். அவரது பெரும் மீள்நோக்குக் காட்சி 2015-இல் மத்ரித் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்திலும், 2016-இல் நியூயார்க் மெட் பிராயர் அருங்காட்சியகத்திலும் நடந்தது. உலகம் அவரைக் கண்டுகொண்ட பெரும்பகுதி மறைவுக்குப் பிந்தியது. ஆள் போன பிறகும் கிடப்பதுதானே தடம்! அந்தச் சொல்லை நான் விடமாட்டேன்.

அதே எடுத்துக்காட்டில் வேறு சிக்கலும் இருக்கிறது. மொகமதி பிறந்தது 1937-இல், கராச்சியில். பிறந்த ஊரை வைத்து நாட்டைத் தானாக நிரப்பும் கணினி நிரல் அவரைப் பாகிஸ்தான் கணக்கில் சேர்த்துவிடும். அப்புறம் அவர் பரோடாவில் காட்சி வைத்தால்கூட 'வெளிநாட்டுக் காட்சி' என்று எண்ணப்படும். ஆகவே பிறந்த ஊர், குடியுரிமை, பணியாற்றிய ஊர் மூன்றும் தரவுத்தளத்தில் தனித்தனிப் புலங்களாக இருக்க வேண்டும். பணியாற்றிய ஊருக்கு 'இந்த ஆண்டு முதல், இந்த ஆண்டு வரை' என்ற இரண்டு புலங்களும் தேவை.

பெயர் இன்னொரு தொல்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலம் பெயரை முதலெழுத்து முன்னால், பின்னால், இல்லாமல், நெடில் இரட்டித்து என ரோமன் எழுத்தில் பலவாறு எழுதலாம். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் விழுந்தால் ஒரே தடம் நான்காக முறியும், நான்கும் மெலிந்து தெரியும். எழுத்து ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இணைக்கவும் கூடாது, இரண்டு வேறு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள். பிறந்த ஆண்டும், பொதுவான ஒரு காட்சியாவது ஒத்துவந்தால்தான் இணைப்பது நல்லது. பழைய எண்ணை அழிக்காமல் புதிய எண்ணுக்குத் திருப்பிவிட வேண்டும். அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் தொகுக்கும் 'யூலான்' என்ற கலைஞர் பெயர்ப் பட்டியல் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரே எண்ணின் கீழ் வைத்திருப்பது இதற்காகத்தான்.

இனி மத்ரித்திலும் நியூயார்க்கிலும் நடந்த மொகமதியின் மீள்நோக்குக் காட்சி: இது ஒரு காட்சியா, இரண்டா? இரண்டு என்றால் ஒரே காட்சி இருமுறை கணக்கில் ஏறும். ஒன்று என்றால் வரைபடத்தில் ஓர் ஊர் காணாமல் போகும். காட்சிக்கு ஓர் எண்ணும், அது நின்ற ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு துணை எண்ணும் கொடுத்தால் தீரும். அந்த நிற்றலுக்குத் 'தங்கல்' என்ற சொல் பொருந்துமா?

———

காட்சித்தடத்தை ஏற்கிறேன். தங்கல் என்பதுதான் உறுத்துகிறது. 2017-இன் டாக்குமென்டா 14, ஏதென்சில் ஏப்ரல் 8 முதல் ஜூலை 16 வரையும், காசலில் ஜூன் 10 முதல் செப்டம்பர் 17 வரையும் நடந்தது. ஐந்து வாரம் இரண்டு ஊரிலும் ஒருசேரத் திறந்திருந்தது. அதில் ஒன்று முடிந்து மற்றொன்றுக்குப் போன 'தங்கல்' இல்லையே. 'களம்' எனலாம் என்றால் தளம், தடம், களம் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்து வாய் குழறும்.

———

சரிதான். பயணக் காட்சிக்கு மட்டும் 'தங்கல்', பொதுப்பெயராக 'நிகழிடம்' என்று வைத்துக்கொள்வோம். காட்சித்தடத்தில் ஒரு வரி என்பது கலைஞர் எண், காட்சி எண், நிகழிட எண், தொடக்க நாள், முடிவு நாள், தனியா குழுவா.

விக்கிப்பீடியாவின் உடன்பிறப்பான விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளத்தில் பி608 என்ற பண்பு இதே ஆங்கிலப் பெயரோடு இருந்தாலும் அது படைப்புக்குரியது, ஓவியம் எங்கெங்கே வைக்கப்பட்டது என்பதற்கானது. ஆகவே நம் கலைச்சொல் பட்டியலில் 'கலைஞரின் காட்சித்தடம்', 'படைப்பின் காட்சித்தடம்' என இரண்டு பதிவாக ஏற்றுகிறேன்.