சுற்று வடிவமைப்பில் ஆர்வம் திரும்பிய தருணம்: அனுபவங்கள்

காங்கேயத்துக்காரன்:
மின்னணுவியல் பொறியியல் முடித்து ஓராண்டாகிறது. கோவையில் மென்பொருள் சோதனை வேலை பார்க்கிறேன். படித்த படிப்பு விடைத்தாளோடு முடிந்தது என்றே நினைத்திருந்தேன். சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, மின்சாரம் வந்ததும் சற்றுப் பொறுத்துக் கிணற்று மோட்டாரைத் தானாக ஓட்டும் சுற்று ஒன்றை, நேரத்தை எண்ணும் 555 டைமர் ஐசியும் ரிலே என்னும் சிறிய மின்ஸ்விட்சும் வைத்து அப்பாவுக்காகச் செய்தேன். மின்தடை 1 மெகாஓம், மின்தேக்கி 100 மைக்ரோஃபாரட். கணக்குப்படி 110 விநாடி. மேசையில் பிசகாமல் நடந்தது. தோட்டத்துச் சாளையில் ஸ்டார்ட்டரோடு இணைத்தபோதோ, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காண்டாக்டர் ‘தடக்’ என்று இழுத்த கணமே டைமர் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது. இரண்டு நிமிட அமைதி, ஒரு தடக், மறுபடியும் அமைதி. ஐசியின் இரண்டாம் முனையின் மின்னழுத்தம், வழங்கு மின்னழுத்தத்தின் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் டைமர் தூண்டப்படும் என்று தேர்வில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த வரி அன்று இருட்டில் என் காதில் கேட்டது. காண்டாக்டர் கம்பியை ஒட்டி ஓடிய, அந்த இரண்டாம் முனைக்கான கம்பியைக் குறுக்கி, ஐசியின் அருகிலேயே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைத்ததும் மோட்டார் நிற்காமல் ஓடியது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிங்காநல்லூர் பட்டறை:
டைமர் இருக்கட்டும், அந்த ரிலேயைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சிறிய ரிலேக்களின் முனைகள் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்கே உரியவை. பல ஸ்டார்ட்டர்களின் சுருள் 415 வோல்ட்டில் ஓடுவது. மும்முனை மின்சாரத்தின் மூன்று ஃபேஸ்களில் ஒன்று இல்லாதபோதும் தானாக ஓட்டினால் மோட்டார் எரிந்துவிடும். நானும் படிப்பை முடித்தபின் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் எங்கள் பட்டறையில்தான் இருக்கிறேன். ஸ்டார் இணைப்பு மோட்டார் ஒன்றைத் திறந்தபோது இரண்டு ஃபேஸ் சுருள்கள் கரியாகியும், மூன்றாவது புதிதுபோலவும் இருந்ததைக் கண்டு, ஃபேஸ் போனால் நிறுத்தும் சுற்று ஒன்றைக் கட்டினேன். ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃப்யூஸைப் பிடுங்கினேன். அந்த ஃபேஸ் இருப்பதைக் காட்டும் விளக்கு அணையவே இல்லை. பிடுங்கிய அந்த ஃபேஸில் ஓடும் மோட்டாரே மின்னழுத்தத்தைத் திருப்பித் தந்துகொண்டிருந்தது! மின்னழுத்தத்தை விட்டுவிட்டு மின்னோட்டத்தை அளக்க வேண்டும் என்று அன்று புரிந்தது.

சோமனூரிலிருந்து:
ஆசையாக எழுதிய பிள்ளையை இப்படி மிரட்டுவது சரியன்று. விசைத்தறியில் இழை அறுந்தால் நிறுத்தும் ஒளி உணரியை நான் செய்தபோது, பஞ்சுத் தூசு படிந்து அரைமணி நேரத்தில் குருடாகிவிட்டது. நான் அதை விட்டுவிடவில்லை. தம்பி, கணினியில் மாதிரி ஓட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சுற்றை உண்மையான சுமையோடு இணைத்துப் பாருங்கள். மின்சாரம் கொடுக்கும் முன் ஒவ்வொரு முனையிலும் என்ன அலைவடிவம் வர வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் வரைந்து வையுங்கள். பிறகு அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) வருவதை அதோடு ஒப்பிடுங்கள், இரண்டும் மாறுபடும் இடத்தில்தான் பாடம் இருக்கிறது. ஐசியின் தரவுத்தாளில் (டேட்டாஷீட்) உச்ச வரம்புப் பட்டியலை முதலில் படியுங்கள். ஒவ்வொரு ஐசியிலும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று எரியத்தான் செய்யும். ரிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடை மறவாதீர்கள்.

காங்கேயத்துக்காரன்:
இன்று ரிலேயைக் கழற்றிப் பார்த்தேன். 250 வோல்ட் என்றுதான் அச்சிட்டிருக்கிறது. முதன்மை ஸ்விட்சை அணைத்து, இணைப்பை எடுத்துவிட்டேன். “அது நல்லாத்தானே ஓடுச்சு, கண்ணு?” என்று அப்பா கேட்டார். மின்னோட்டத்தை அளக்க உதவும் மின்னோட்ட மின்மாற்றி வாங்க சனிக்கிழமை கோவைக் கடைவீதிக்குப் போகிறேன். பட்டறைக்காரர் அந்தச் சுற்றின் படத்தை இங்கே இட முடியுமா?