64 ஜிபி ராம்ல 80 சதவீதமா? எந்த ஊர்க் கணக்குங்க இது?

நொய்யல்கரை: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் பத்திப் பனியன்காரர் நேத்து இங்க ஒண்ணு எழுதியிருந்தாரு: "போஸ்ட்கிரெஸ் 12-ல இருந்து 16-க்கு மாறுறவங்க ஷேர்டு பஃபர்ஸை ராம்ல 80 சதவீதம் வெச்சுடுங்க, பறக்கும்." ஷேர்டு பஃபர்ஸ்னா டேட்டாவை வெச்சுக்க போஸ்ட்கிரெஸ் ராம்ல தனக்குன்னு ஒதுக்கற எடம். ஏனுங்க, 80-ங்கறது மைஎஸ்கியூஎல்ங்கற வேற டேட்டாபேஸ்ல அதே மாதிரி இருக்கற பஃபர் பூலுக்குச் சொல்ற அளவு! போஸ்ட்கிரெஸ் கையேட்டுல 25-ல ஆரம்பிக்கச் சொல்றாங்க, 40-க்கு மேல போனா பெருசா பலன் இருக்காதுன்னும் இருக்குது. ஓஎஸ் தன் பங்குக்கு மீதி ராம்ல ஃபைல்களை வெச்சுக்கற கேஷையும் நம்பித்தான் போஸ்ட்கிரெஸ் ஓடுது.

பனியன்காரர்: கோயமுத்தூர்ல ஏசில உக்காந்து கையேடு படிக்கறவங்களுக்கு அப்படித்தானுங்க தெரியும். ஷிப்மென்ட் அன்னைக்கு ரிப்போர்ட் வரலைன்னா மொதலாளிகிட்ட நீங்களா வந்து நிக்கப் போறீங்க? இங்க 80-லதான் ஓடுது.

சென்னிமலையான்: அட, அதை விடுங்க. வெர்ஷன் மாத்தற பிஜி அப்கிரேட் டூலு பழைய கான்ஃபிக் ஃபைலை, அதான் செட்டிங்ஸை, எடுத்துட்டு வராதுங்க. புதுசுல ஷேர்டு பஃபர்ஸ் 128 எம்பிதான் நிக்கும். மொதல்ல அதைப் பாருங்க.

நொய்யல்கரை: அது சரீங்க, நான் கேக்கறது 80. 64-ல 51 ஜிபியை அங்கயே குடுத்துட்டா மீதி 13. ஒர்க் மெம், அதாவது வரிசைப்படுத்தற ஒரு சார்ட் வேலைக்குக் குடுக்கற ராம், 64 எம்பி, 200 கனெக்‌ஷன்னு வெச்சுக்கங்க. ஆளுக்கு ஒரு சார்ட் ஓடுனாலே 12.5 ஜிபி காலி. ஒரே குவெரில நாலு சார்ட் இருந்தா நாலு மடங்கு. வெர்ஷன் 15-ல இருந்து ஹேஷ் மெம் மல்டிப்ளையர் வேற 2 ஆயிருச்சு, டேபிள்களைச் சேக்கற ஹேஷ் ஜாயினுக்கு ஒர்க் மெம்ல ரெண்டு மடங்கு, 128 எம்பி வரைக்கும் எடுத்துக்கும். ராம் தீந்துபோனா ஓஎஸ்ஸோட கெர்னல் வந்து சர்வரையே கொன்னுபோட்டுட்டுப் போகும். 80-ஆமா!

பனியன்காரர்: இத்தன பழமை பேசறவருதான் போன வருசம் டேபிள்ல சேர்ற பழைய குப்பையைத் தானா கூட்டற ஆட்டோவேக்குவமை நிறுத்தச் சொன்னவரு. டேபிள் ஊதிப்போயி நாங்க பட்ட பாடு.

நொய்யல்கரை: ராத்திரி லோடு ஓடற ஒரு டேபிளுக்கு மட்டும்னு சொன்னேன். பாதி படிச்சா அப்படித்தான்.

பனியன்காரர்: பேரைப் பாரு, நொய்யல்கரையாம். நொய்யல் ஆத்தங்கரையில, திருப்பூர்ல குடியிருக்கறது நாங்க.

நொய்யல்கரை: ஆமாமா, அந்த ஆத்துல சாயத்தண்ணியை விட்டதும் நீங்கதான். 2011-ல ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது எந்த ஊருலீங்க?

சென்னிமலையான்: ராமைப் பெரிய பெரிய துண்டாக் குடுக்கற ஹியூஜ் பேஜஸ் பத்தி யாராச்சும் சொல்லுங்க சாமி, திங்கக்கெழம மாத்தறேன்.

நொய்யல்கரை: சொல்றேன், இருங்க. பனியன்காரரே, 80-ல ஓடுதுன்னா மெமரி நிலவரத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் போடுங்களே.

பனியன்காரர்: கம்பெனி விசயத்தையெல்லாம் பொதுவுல போட முடியாதுங்க.

நொய்யல்கரை: 80-ஐ மட்டும் பொதுவுல போடலாமாக்கும்?